மஞ்சள் குமிழ்

கிளைடரின் காக்பிட்டுக்குள் நிறங்களை அலங்காரத்துக்காக வைத்திருக்கவில்லை. நீலப் பிடி ஏர்பிரேக், கிளைடரைச் சீக்கிரம் கீழே இறக்க. பச்சை டிரிம். சிவப்பு, ஆபத்தில் மேல்மூடியைக் கழற்றி எறிய. மஞ்சள் குமிழ், இழுத்துப் போகும் கயிற்றை விட. ஜெர்மனியில் செய்ததோ போலந்தில் செய்ததோ, இக்காலக் கிளைடர் எதில் ஏறி உட்கார்ந்தாலும் இந்த வழக்கம் மாறாது. கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் என்னைக் கேட்டால், கிளம்பிய முதல் ஒரு நிமிடத்துக்கு மஞ்சளைத் தவிர மற்ற மூன்றும் கண்ணில் படவே வேண்டாம் என்பேன்.

ஆயிரம் அடிக்கு மேலே போய்விட்ட கிளைடர் பொதுவாகச் சாது. எஞ்சின் இல்லையே, நடுவானில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். நிற்பதற்கு அதில் எதுவுமே இல்லை என்பதுதான் எங்களுக்கு நிம்மதி. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முப்பது, நாற்பது மீட்டர் முன்னே போகிற இறக்கை அது. தப்பு நேர்ந்தாலும் யோசித்துச் சரிசெய்ய அவகாசம் தரும். அந்த உயரத்தை எட்டும்வரைதான் அதற்குச் சொந்தப் பலம் இல்லை. யாரோ ஒருவர் இழுத்தாக வேண்டும். அந்த இழுவை எந்த நொடியிலும் நின்றுபோகலாம், அல்லது விமானி விரும்பாத திசையில் இழுக்கலாம். கிளம்பிய சில நொடிகளில் நடக்கிற கிளைடர் விபத்துகளைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றின் கிளைகள்தான்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நான் பறக்கிற புல்வெளியில் வின்ச்சும் உண்டு, இழுவிமானமும் உண்டு. வின்ச் என்பது மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பெரிய எஞ்சினும் அதோடு இணைந்த உருளையும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கயிறு புல்மேல் நீண்டு வந்து கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சைகை போனதும் மூன்று நான்கு நொடிகளில், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர். பிறகு மூக்கு உயரும். முன்னால் வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஆயிரம் அடிக்கு மேலே கொண்டுபோய்விடும். பட்டம் ஏறுவது எப்படியோ அப்படித்தான் இதுவும் ஏறுகிறது, நூலைப் பிடித்து ஓடுகிறவன் மட்டும் ரொம்பப் பலசாலி.

என்னை முதன்முதலில் இப்படி இழுத்தது புனே ஹடப்சரில். நம் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை தானே வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திர வரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு வந்தது: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. ரோகிணி மரத்தால் ஆன பயிற்சிக் கிளைடர். ஆசிரியரும் மாணவரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். அதில் எங்களுக்கு ஒரு சின்ன வசதி இருந்தது. பயிற்சிக்காக ஆசிரியர் திடீரென்று கயிற்றை விடப்போகிறார் என்றால், அவர் கை நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்துவிடலாம். இப்போது நான் கற்பிக்கும் ஏ.எஸ்.கே. 21 இல் ஆசிரியர் பின் இருக்கையில் இருக்கிறார். மாணவனுக்கு என் கை தெரியாது. அதுவே நல்லது என்று நினைக்கிறேன்.

கயிறு அறுவது அப்படியொன்றும் அபூர்வமான நிகழ்ச்சி இல்லை. தேவைப்பட்டால் அறுந்துவிட வேண்டும் என்று அதில் ஓர் இடத்தை வைத்தே செய்கிறார்கள். வீக் லிங்க் என்பது கயிற்றின் நுனியில் மாட்டும் சிறு எஃகுத் தகடு. கிளைடருக்குக் கிளைடர் அதன் வலு வேறு. மாறிப்போகாமல் இருக்க நிறமும் வேறு. டோஸ்ட் நிறுவனத் தகடுகளில் கறுப்பு 1000 டெக்காநியூட்டனில், அதாவது ஏறக்குறைய ஒரு டன் இழுவிசையில் அறும். பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. இறக்கை முறிவதற்கு முன் தகடு முறியட்டும் என்பது கணக்கு. ஆக, கயிறு அறுந்தது என்று விபத்து அறிக்கையில் படித்தால் அதைக் காரணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு அடுத்த நான்கு நொடிகளைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்று தேடுவேன்.

மூக்கு 45 பாகையில் மேல்நோக்கி இருக்க, மணிக்கு 100 கிலோமீட்டரில் ஏறும்போது இழுவை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிளைடரைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு நொடியிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற கணக்கில் வேகம் கரையும். இரண்டு பேர் உட்கார்ந்த ஏ.எஸ்.கே. 21 சுமார் 65 இல் ஸ்டால் ஆகும். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிப் போகிற காற்று பிய்த்துக்கொண்டு தூக்குவிசை சரிந்துவிடும் என்று பொருள். என்ன நடந்தது என்று திகைத்து நிற்க ஒரு நொடி உண்டு, இரண்டாவது நொடி கிடையாது. அதனால் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கை அடிவானத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்லித் தருகிறோம். இது எல்லாருக்கும் சீக்கிரமே வந்துவிடுகிறது.

சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். மூக்கு இறங்கிவிட்டது. முன்னால் பச்சைப் புல் தெரிகிறது. இரைச்சல் அடங்கி, காக்பிட்டில் ஓர் அமைதி. அபாயம் கடந்தது என்று கண் நம்பிவிடும். வேகமானியின் முள்ளோ 60 இலோ 55 இலோ நிற்கும். அந்த வேகத்திலும் கிளைடர் ஸ்டால் ஆகாமல் இருந்ததற்குக் காரணம், ஸ்டிக்கைத் தள்ளிய நேரத்தில் எடை குறைந்ததுபோல் ஆனதுதான். இறக்கை சுமக்கும் பாரம் குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும். தள்ளுவதை நிறுத்திய மறுகணம் பாரம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். வேகம் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. அந்த இடைவெளியில் கிளைடரைத் திருப்பினால் ஒரு பக்க இறக்கை முதலில் கைவிட்டு, அந்தப் பக்கமாகச் சுருண்டு சுழலத் தொடங்கும். முந்நூறு அடியில் தொடங்குகிற சுழலிலிருந்து மீள்வதற்கு அங்கே உயரம் இல்லை. திருப்பாமல் ஏர்பிரேக்கை மட்டும் திறந்தாலும் தொப்பென்று விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொள்ளலாம்.

லெஸ்டர் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் கற்கிறான். பெற்றோர் யாழ்ப்பாணம். தரையில், கிளைடர் இறக்கை நிழலில் உட்கார்ந்து இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன்.

“மூக்குத்தான் கீழ வந்திட்டுதே அண்ணா, பிறகு திரும்பினா என்ன?”

“முள் எவ்வளவு காட்டுது?”

“அறுபது.”

“தொண்ணூறு வரட்டும் தம்பி. வந்தப்புறம் திரும்பணுமா வேண்டாமான்னு பேசலாம்.”

அந்த முள் தொண்ணூறுக்கு வர நாலைந்து நொடி ஆகும். அதுவரை எதுவும் செய்யாமல் மூக்கை அதே கோணத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நிலம் மேலே ஏறி வருகிறது, கை பரபரக்கிறது, சும்மா இருக்கச் சொல்கிறோம். இதைவிடக் கற்பிக்கக் கஷ்டமான வேறொரு பாடம் கிளைடிங்கில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிலருக்கு நேர் எதிரான கோளாறு. உடம்பு எடையற்று மிதப்பதுபோன்ற அந்த உணர்வையே ஸ்டால் என்று தவறாக எடுத்துக்கொண்டு, ஸ்டிக்கை இன்னும் முன்னே தள்ளுவார்கள். தள்ளத் தள்ள அந்த உணர்வு கூடும், கூடக்கூட இன்னும் தள்ளுவார்கள். நன்றாகப் பறந்துகொண்டிருக்கிற கிளைடரை மூக்குக் குப்புறத் தரையில் கொண்டுபோய் இறக்குவதற்கு இது போதும். அப்படிப்பட்டவர்களைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு, உயரத்தில் வைத்து, மிதப்பு வேறு ஸ்டால் வேறு என்று உடம்புக்குப் பழக்க வேண்டும். பேச்சால் ஆகாத காரியம்.

கயிறு அறாமலே நடக்கும் விபத்து இதைவிடக் கொடியது. தரையை விட்டு எழும்பியதும் மூக்கைப் படிப்படியாக ஏறுகோணத்துக்கு உயர்த்த வேண்டும். கொக்கி வயிற்றுக்கடியில் இருப்பதால் இழுவையே மூக்கைத் தூக்கப் பார்க்கும். வின்ச் ஓட்டுகிறவர் தாராளமாக முடுக்கினால் இன்னும் வேகமாகத் தூக்கும். விமானி அதைத் தடுக்காமல் விட்டால், அல்லது உற்சாகத்தில் அவரும் சேர்ந்து இழுத்தால், இறக்கை அந்த நொடியில் எடையைவிட மிக அதிகமான பாரத்தைச் சுமக்கிறது. ஸ்டால் வேகம் பாரத்தின் வர்க்கமூலத்தின்படி ஏறும். பாரம் இரண்டு மடங்கானால் 65 என்பது 92 ஆகும். முள் 85 காட்டும்போதே ஸ்டால். ஓர் இறக்கை விட்டுக்கொடுத்து, தென்னை உயரத்தில் கிளைடர் மல்லாந்துவிடும். வின்ச்காரர் முடுக்கியைத் தளர்த்துவதற்குள், விமானி குமிழைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். என் மஞ்சள் குமிழ் உதவாத இடம் இது. மூன்று நான்கு நொடி எடுத்து நிதானமாக மூக்கை உயர்த்துகிற பழக்கம் மட்டுமே காப்பாற்றும்.

இதில் மெத்தைக்கும் பங்கு உண்டு என்றால் சிரிப்பார்கள். என்னைப் போன்ற குள்ளர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால்தான் கால் பெடலுக்கு எட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் தலையணையாக இருந்தால், வின்ச் இழுக்கிற இழுப்பில் அது நசுங்கும். உடம்பு பின்னால் போகும், ஸ்டிக்கைப் பிடித்த கையும் கூடவே பின்னால் போகும். மூக்கு உயரும். நீ இழுக்கவில்லை, உன் தலையணை இழுத்தது. அதனால்தான் அமுங்காத கெட்டி நுரைப் பலகைகளை வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறோம், தோள் வாரை எலும்பு வலிக்க இறுக்கச் சொல்கிறோம். வாரின் இறுக்கத்தைப் பற்றி முணுமுணுக்காத மாணவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று, எழும்புவதற்கே முன்னால் நடப்பது. ஏ.எஸ்.கே. 21 இன் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். அடியில் இருப்பது உடலின் நடுக்கோட்டில் சக்கரம், அவ்வளவுதான். இறக்கையைச் சமமாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் இரண்டு மூன்று எட்டு ஓடிவந்து விட்டுவிடுவார். அதன்பின் இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள எய்லிரான் தகடுகள்தான் சமன் செய்ய வேண்டும். பக்கக்காற்று அடித்தாலோ, பிடித்தவர் தெரியாமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டாலோ ஒரு நுனி சாயும். புல் உயரமாக இருந்தால் நுனியைப் பிடித்துக்கொள்ளும். கயிறோ விடாமல் இழுக்கிறது. கிளைடர் அந்த நுனியை அச்சாகக் கொண்டு சுற்றி, எழும்பி, தலைகீழாகப் புரளலாம். இறக்கை சாய்வதைச் சமாளிக்க முடியவில்லை என்று தோன்றிய கணத்தில், நுனி தரையைத் தொடுவதற்கு முன், குமிழை இழுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. புல்லில் சிறிது தூரம் உருண்டு நிற்கும். தொட்ட பிறகு இழுத்தால் பல நேரம் பயன் இல்லை. இடையில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. ஆகவே இடது கை குமிழுக்குப் பக்கத்தில் இருந்தால் போதாது, குமிழிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கிளைடர் குலுங்கும்போது தெரியாமல் இழுத்துவிடுவார்கள் என்று சொல்லி, தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும் என்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் இழுத்தால் ஒரு இழுவைக் கட்டணம்தான் நஷ்டம்.

பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பல வருட வின்ச் விபத்துகளைச் சேர்த்து வைத்து ஆராய்ந்து, 2005 இல் பாதுகாப்பான வின்ச் கிளம்பலுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. புதுக் கருவி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இறக்கை சாய்ந்தால் விடு, மூக்கை மெல்ல உயர்த்து, இழுவை போனால் மூக்கைத் தாழ்த்தி வேகம் வரும்வரை காத்திரு என்று நான் மேலே சொன்னவற்றைத்தான் திரும்பத் திரும்ப, ஒரே வார்த்தைகளில், எல்லாக் கிளப்புகளிலும் சொன்னார்கள். அதன்பிறகு வின்ச்சில் உயிரிழப்பும் பலத்த காயமும் கணிசமாகக் குறைந்தன. கிளைடர்கள் அதேதான், வின்ச்களும் பெரும்பாலும் அதேதான்.

எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் நடக்கிறது என்று யோசிக்கும்போது எனக்கு ஸ்டான்ஃபோர்ட் ஹால் நினைவுக்கு வரும். லெஸ்டர்ஷயரில், ஏவன் ஆற்றை ஒட்டிய பழைய மாளிகை அது. எங்கள் பக்கத்து வானத்தில் சுற்றும்போது சூரிய வெளிச்சத்தில் அதன் சுவர் பளிச்சென்று தெரியும். பெர்சி பில்ச்சர் அங்கேதான் விழுந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டும் கலையைக் கற்பித்தவர். பெர்லினுக்குப் போய்க் கிளைடர் முன்னோடி ஒட்டோ லிலியென்தாலைச் சந்தித்து அவருடைய கிளைடர்களிலேயே பறந்து பார்த்தவர். லிலியென்தால் 1896 ஆகஸ்ட் 9 இல் விழுந்து மறுநாள் இறந்துபோனார். அதற்குப் பிறகும் பில்ச்சர் விடவில்லை. தான் கட்டிய ‘ஹாக்’ கிளைடரில் 1897 இல் கென்ட் மாவட்டத்து எய்ன்ஸ்ஃபோர்டில் 250 மீட்டர் தூரம் பறந்தார். ஹாக்கை மலைச்சரிவிலிருந்து ஓடிக் கிளப்பலாம், கயிறு கட்டி இழுத்தும் கிளப்பலாம். எங்கள் வின்ச்சுக்கு ஒரு வகையில் அவர் முன்னோர்.

1899 செப்டம்பர் 30. பில்ச்சர் எஞ்சின் பொருத்திய மூவடுக்கு இறக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். அதைப் பறக்கவிட்டுக் காட்டத்தான் ஸ்டான்ஃபோர்ட் ஹாலுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்னிகர் ஹீட்டனும் ஒருவர். மேற்கொண்டு செலவுக்குப் பணம் போடக்கூடியவர்களும் இருந்தார்கள். ஆனால் சில நாள் முன்னால் எஞ்சினின் கிராங்க் தண்டு உடைந்துபோயிருந்தது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், பழைய ஹாக்கைப் பறக்கவிட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அன்றைக்குக் காற்றும் மழையும். மாலை நான்கு மணி வாக்கில், இனிப் பறக்கலாம் என்று முடிவு செய்தார். குதிரைகள் கயிற்றை இழுக்க, நனைந்த ஹாக் எழும்பியது. பத்து மீட்டர் உயரத்தில் வால்பகுதி முறிந்தது. இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 32. ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் 59 நொடி பறந்தது அதற்கு நாலு வருடம் கழித்து. அவருடைய மூவடுக்கு விமானம் அவர் காலத்தில் பறக்கவே இல்லை. 2003 இல் அதன் மாதிரியைக் கட்டிப் பறக்கவிட்டபோது ஒரு நிமிடத்துக்கு மேல் காற்றில் நின்றது.

வால் முறிந்ததற்குக் காரணம் கேட்டால் நனைந்த துணியின் கனம், மூங்கில், கம்பி என்று சொல்லலாம். என் கண்ணுக்குப் படுவது அந்த நான்கு மணி முடிவு. மழை நின்றது போலத் தெரிந்திருக்கும். குதிரைகள் நிற்கின்றன, கயிறு கிடக்கிறது, தொலைவிலிருந்து வந்தவர்கள் குடையோடு காத்திருக்கிறார்கள். கிளைடர் கிளம்புவதற்கு முன்பே ஒரு இழுவை தொடங்கிவிடுகிறது. எங்கள் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நான் பார்க்கிறேன். காலையிலிருந்து எல்லாரும் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கிளைடர். வரிசையில் பின்னால் நாலு பேர். இறக்கையைப் பிடித்தவரின் தோள் வலிக்கிறது. வின்ச் ஓட்டுகிறவரோ சாப்பிடப் போகாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறார். இந்த நேரத்தில், பக்கவாட்டுக் காற்று திசை மாறியது போல இருக்கிறதே, கயிற்றைக் கழற்றுங்கள் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். நான்கு நொடிப் பாடங்கள் எல்லாம் அத்துப்படியான ஆட்களே இதில் தடுமாறுகிறார்கள். கயிறு மாட்டியபின் யாராவது இறங்கினால், காரணம் கேட்காமல், முகம் சுளிக்காமல், அடுத்தவரைக் கூப்பிடும் கிளப்பில்தான் நான் பறக்க விரும்புவேன். நிறையக் கிளப்புகள் அப்படி இல்லை.

இழுவிமானத்தின் கதை வேறு. அறுபது மீட்டருக்கு உட்பட்ட கயிற்றின் அந்தப் பக்கம் இன்னொரு உயிர் இருக்கிறது. கிளைடர் எடை குறைவு, இறக்கை பெரிசு. இழுக்கிற விமானம் புல்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளைடர் எழும்பிவிடும். அப்போது தாழ்வாகப் பிடித்து வைக்க வேண்டும். மேல்மூடி சரியாகப் பூட்டாமல் திறந்துகொண்டு, அதைப் பிடிக்கக் கையை நீட்டிய ஒரு கணத்தில் கிளைடர் மேலே எகிறினால், முன்னால் இருப்பவரின் வால் கயிற்றோடு மேலே தூக்கப்பட்டு அவர் மூக்கு தரையைப் பார்க்கும். இரண்டு மூன்று நொடியில் அவரால் மீளவே முடியாத நிலை வந்துவிடும். தாழ்வான உயரத்தில் இது நடந்தால் பெரும்பாலும் இறப்பது தவறு செய்த கிளைடர்காரர் அல்ல, முன்னால் போகிறவர். அவருக்கும் கயிற்றை விட ஒரு கைப்பிடி உண்டு. ஆனால் அத்தனை விசை ஏறிய கொக்கி எளிதில் விடாது. இழுவிமானம் கண்ணிலிருந்து மறைந்த கணமே கிளைடரில் இருப்பவர் குமிழை இழுக்க வேண்டும். ஏன் மறைந்தது என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

சைகையால் வந்த வினையும் உண்டு. ஏர்பிரேக்கைப் பூட்ட மறந்து கிளம்பினால், எழும்பிய பின் காற்று அதை உறிஞ்சித் திறந்துவிடும். இழுவிமானம் ஏற முடியாமல் திணறும். முன்னால் இருப்பவர் சுக்கானை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டுவார்: ஏர்பிரேக்கைப் பார் என்று பொருள். இறக்கைகளைச் சாய்த்து ஆட்டினால் உடனே விடு என்று பொருள். பின்னால் இருப்பவருக்கு ஏதோ ஆடுகிறது என்பது மட்டும் தெரியும், பயத்தில் குமிழை இழுப்பார். இப்போது இழுவை இல்லை, உயரம் இல்லை, ஏர்பிரேக் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. நீலப் பிடியை ஒரு தடவை முன்னே தள்ளிப் பூட்டியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. குமிழை மட்டுமே கற்றுக்கொடுத்துப் பழக்கினால் இப்படியும் ஆகும் என்று, என் மஞ்சள் பக்திக்கு எதிராக ஒரு சக ஆசிரியர் இந்த உதாரணத்தைத்தான் எப்போதும் எடுத்து வைப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குமிழால் தீராத இன்னொரு வகை, கழற்றி மாட்டுவதில் வருவது. தனியார் கிளைடர்கள் டிரெய்லரில் வந்து மைதானத்தில் பூட்டப்படுகின்றன. பழைய மாடல்களில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரை ஒருவர் கையால்தான் இணைக்க வேண்டும். லோத்தெலியே இணைப்பு என்று ஒரு உருண்டையும் கிண்ணமும், அதற்கொரு பாதுகாப்பு ஊசி. நடுவில் யாராவது வந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டால் ஊசி பையிலேயே இருந்துவிடும். ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தால் தளர்வாக ஆடும், சரியாக இருப்பது போலவே தோன்றும். அதனால்தான் ஒருவர் வெளியே நின்று அந்தத் தகட்டை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ள, உள்ளே இருப்பவர் ஸ்டிக்கை அழுத்திப் பார்க்கிற வழக்கம். அழுத்தம் கைக்குக் கை தெரிய வேண்டும். எலிவேட்டர் இணையாமல் கிளம்பிய கிளைடருக்கு மூக்கைத் தாழ்த்தச் சொல்லி எத்தனை பாடம் நடத்தியும் பயன் இல்லை. நான் பூட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டேன். கர்வக்காரன் என்ற பெயர் அதனால் கிடைத்ததுதான்.

செய்யும் பட்டறையிலேயே தொடங்குகிற விபத்தும் உண்டு. 1943 ஆகஸ்ட் 1, ஞாயிறு. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து லாம்பர்ட் மைதானத்தில், அந்த ஊரிலேயே செய்த சி.ஜி. 4ஏ போர்க் கிளைடரைப் பார்க்கப் பெருங்கூட்டம். மேயர் வில்லியம் டீ பெக்கர் உட்படப் பத்துப் பேர் ஏறினார்கள். இழுவிமானம் விட்ட உடனே வலது இறக்கை கழன்று பறந்தது. பத்துப் பேரும் இறந்தார்கள். இறக்கையின் முட்டுக்கம்பியை உடலோடு பிணைக்கும் ஓர் உலோகப் பாகம், துணை ஒப்பந்தக்காரரின் பட்டறையில் இருக்க வேண்டிய தடிப்பைவிட மெல்லியதாகக் கடையப்பட்டிருந்தது. பரிசோதனையில் அது தப்பியது. அந்தக் காக்பிட்டில் எவ்வளவு திறமையான விமானி இருந்திருந்தாலும் செய்வதற்கு எதுவும் இல்லை. விபத்து என்றாலே விமானியின் பிழை என்று சட்டென முடித்துவிடுகிற பழக்கம் எங்கள் வட்டாரத்தில் அதிகம். அப்படிப் பேச்சு வரும்போது இதை நினைவூட்டுவேன். ஆனால் அந்தக் கூட்டம், ஊர்ப் பெருமையைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம், இவை ஸ்டான்ஃபோர்ட் ஹாலில் இருந்தவைதான்.

கடைசியாக, பயிற்சியே ஆபத்தாகிற விஷயம். கயிறு அறுவதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியரே ஏறும் வழியில் குமிழை இழுக்கிறார். தாழ்வான உயரத்தில், மாணவன் எதிர்பாராத நேரத்தில் இப்படிச் செய்து, மாணவன் தப்பாக எதையாவது செய்ய, ஆசிரியர் திருத்துவதற்குள் கிளைடர் நொறுங்கிய சம்பவங்கள் உண்டு. நிஜமான அறுப்பில் அடிபடுவதைவிடப் பயிற்சி அறுப்பில் அடிபடுவது மடத்தனம். ஆகவே தாழ்வான உயரத்தில் நான் சொல்லாமல் செய்வதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, காற்று எப்படி, முன்னால் எவ்வளவு புல் மிச்சம் என்று பேசிவிட்டுத்தான் இழுப்பேன். எதிர்பாராத அறுப்பை ஐந்நூறு அடிக்கு மேலே வைத்துக்கொள்வேன். இது மாணவனைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்று சொல்கிற ஆசிரியர்களோடு பலமுறை சண்டை போட்டாயிற்று.

அதோடு, படாரென்று அறுவதை மட்டும் பழக்கினால் போதாது. அறுந்தால் சத்தம் கேட்கும், உடம்பு முன்னே தள்ளப்படும், யாருக்கும் புரிந்துவிடும். வின்ச் எஞ்சின் மெல்லச் சக்தி இழந்தால் எந்த அறிவிப்பும் இல்லை. மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருக்க, இழுவை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர, முள் 100 இலிருந்து 95, 90, 85 என்று இறங்கிக்கொண்டே வரும். இதோ கூடிவிடும் என்று விமானி காத்திருப்பார். அதனால் வின்ச்காரரிடம் முன்பே சொல்லி வைத்து, ஏறும் நடுவில் மெதுவாக முடுக்கியைக் குறைக்கச் சொல்கிறேன். எந்த எண்ணில் மாணவனின் கை மூக்கைத் தாழ்த்துகிறது, எந்த எண்ணில் குமிழை இழுக்கிறது என்று பின்னால் இருந்து பார்ப்பேன். தொண்ணூறுக்குக் கீழே போகும்வரை பொறுத்துப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் தனியாகப் பறக்க அனுமதி இல்லை. அறுப்புப் பாடம் அதற்கு அடுத்த வாரம்.